மூணாவது வாட்டி கையால் இல்லை

பதிவறை ஐயாவுக்கு வழுக்கை என்றுதான் நான் முடிவு செய்து வைத்திருந்தேன். காதோரத்தில் மட்டும் கொஞ்சம் நரை. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட கண்ணாடி. பணி ஓய்வு பெற்ற தலைமை எழுத்தராக இருக்க வேண்டும். சென்னையில் ஏதோ ஒரு மாடியறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, மலையிலிருந்து நான் அனுப்பும் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, இது பிறப்புச் சான்று, இது பள்ளிச் சான்று, இது படமெடுத்தவன் கட்டைவிரல் என்று பிரித்துப் பிரித்து வைக்கிறார் என்று ஏறக்குறைய ஒரு வருடம் நம்பினேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. சின்னப் பையன் என்று யாரும் மன்னித்துவிட முடியாது.

நம்பியதற்குக் காரணம் உண்டு. எந்தப் படத்தை அனுப்பினாலும் ஒரு நிமிடத்துக்குள் என் போனில் ‘பதிவறை’ என்ற பெயரில் பதில் வரும். “பெற்றுக்கொண்டோம். கோப்பு: பிறப்புச் சான்று. வைத்த இடம்: இன்று. நன்றி.” ஞாயிற்றுக்கிழமை அனுப்பினாலும் வரும். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக்கொண்டே அனுப்பினேன், அன்றைக்கும் வந்தது. பாவம், வீட்டில் கவனிப்பார் யாருமில்லை போலிருக்கிறது என்று வருந்தி, ‘சாப்பிட்டீங்களா ஐயா?’ என்று கேட்டு எழுதுவேன். பதில் வராது. கண்டிப்பான மனிதர். பொங்கலுக்குக் கரும்புப் படம் போட்டு வாழ்த்து அனுப்பினேன். அதற்குப் பதில் வந்தது: “உங்களுக்கும் பொங்கல் வாழ்த்து. கரும்பு நல்லா இருக்கு.” அதை அன்று பார்த்தவர்களிடமெல்லாம் காட்டினேன். பெரிய மனிதரின் மனதைக் கரைத்துவிட்டோம் என்று எனக்குப் பெருமை.

பதிவறை ஐயா என்று ஒருவர் கிடையாது. அவரைச் செய்து வைத்தவர் எங்கள் அலுவலகத்தில் கணினி வேலைக்கு வந்த ஒரு பெண்மணி. நான் எழுத வந்தது அவரைப் பற்றி.

எங்கள் அலுவலகம் என்பது கள்ளக்குறிச்சியில் பம்பு மோட்டார் கடைக்கு மேலே இரண்டு அறை. கல்வராயன் மலைப் பிள்ளைகளின் படிப்புக்கும் விளையாட்டுக்கும் உதவி செய்கிற சின்ன அறக்கட்டளை. பஸ் பிடித்து மலைக்குப் போய்ப் பிள்ளைகளின் சான்றிதழ்களைப் படமெடுத்து வருவது என் வேலை. அந்தப் பெண்மணிக்குக் களமருதூர்ப் பக்கம் ஊர். முப்பத்தைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசை தவறாதவர். மாடிப்படி ஏறுவதைப் பார்த்தால் அடுத்த படி அவர் காலுக்கு வந்து சேரட்டும் என்று காத்திருப்பவர் மாதிரி ஏறுவார்.

வந்த முதல் நாள், பிஸ்கட் டின்னில் நான் போட்டு வைத்திருந்த பென் டிரைவ்களை மேசையில் கொட்டி, இரண்டைத் திறந்து பார்த்து மூடினார்.

“இதுல எதுங்கண்ணா கடைசி லிஸ்ட்டு?”

“கடைசின்னு போட்டிருக்கும் பாருங்க மேடம்.”

“கடைசின்னே நாலு இருக்கு. கடைசி, புதுக் கடைசி, நெஜக் கடைசி. அப்பறம் ‘இதான்’னு ஒண்ணு.”

“அப்ப ‘இதான்’தான்.”

திறந்தார். உள்ளே என் மைத்துனன் கல்யாணப் பத்திரிகை இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, மூன்று விரலை நீட்டினார். “தப்பா தொறந்து மூடறது இது மூணாவது வாட்டி. இனிமே இது கையால இல்ல.”

இதுதான் அவர். எந்த வேலையையும் முதல் தடவை கையால் செய்வார், ரசித்துச் செய்வார். இரண்டாவது தடவையும் செய்வார், முகம் கொஞ்சம் கோணும். அதே வேலை மூன்றாவது தடவை வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதைத் தானாக நடக்க வைக்க என்ன வழி என்று யோசிக்க அரை நாள் ஆனாலும் சரி, இரண்டு நாள் ஆனாலும் சரி. கையால் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் என்று நான் சொன்னால், “அந்த அஞ்சு நிமிசம் நாளைக்கும் வரும்ல?” என்பார். சோம்பேறி என்று நான் மனதுக்குள் தீர்ப்பெழுதிவிட்டேன். பிறகு பார்த்தால் ஐந்தரைக்கு அவர் வீட்டுக்குப் போகிறார், நான் எட்டு மணி வரைக்கும் உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வாரத்தில் பிஸ்கட் டின் காலி. எல்லாக் கோப்பும் இணையத்தில் ஒரே பொது அலமாரிக்குப் போய்விட்டது. அவர் கணினியில் திறந்தாலும் என் போனில் திறந்தாலும் அதே அலமாரி, அதே தட்டுகள். நான் செய்ய வேண்டியது படமெடுப்பது, பிள்ளையின் பெயரைத் தட்டுவது, என்ன சான்று என்று தொடுவது. அவ்வளவுதான். மீதியைப் ‘பதிவறை’ பார்த்துக்கொள்ளும் என்றார். பார்த்துக்கொள்ளும் என்றுதான் சொன்னார். நான் மரியாதை கருதிப் பார்த்துக்கொள்வார் என்று மாற்றிக்கொண்டேன்.

அவருக்கு இந்தப் பழக்கம் கணினியோடு நிற்கவில்லை. தினமும் ஜன்னலில் நின்று, எங்கள் இருவருக்கும் கணக்கருக்குமாக எதிர்க்கடைக்கு ‘மூணு டீ’ என்று கத்துவது எங்கள் வழக்கம். மூன்றாவது நாள் அவர் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் குவளையும் ஒரு நீலக் குவளையும் வாங்கி வந்தார். ஜன்னல் கம்பியில் சிவப்பு தொங்கினால் மூன்று டீ. நீலம் தொங்கினால் இரண்டு. கடைக்காரரிடம் சொல்லி வைத்தாயிற்று, கத்தல் ஒழிந்தது.

ஒரு நாள் அவரும் கணக்கரும் விடுப்பு. நான் பொறுப்பான ஆள் அல்லவா, குவளைகளைக் கழுவி, சிவப்பைக் கம்பியில் காயப் போட்டேன். பத்து மணிக்கு மூன்று டீ வந்தது. பரவாயில்லை, குடித்தேன். பத்தரைக்கு மூன்று. பதினொன்றுக்கு மூன்று. பதினொன்றரைக்கு மறுபடி தட்டோடு படியேறி வந்த கடைக்காரரிடம் பொறுமையிழந்து கத்தினேன்.

“யோவ், ஒத்த ஆளு ஒக்காந்துகினு இருக்கேன், கண்ணு தெரியல?”

“எனக்கு இன்னா தெரியும்? கொவள தொங்குது, குடுத்தேன்.”

மறுநாள் புகார் சொன்னேன். அவர் கடைக்காரர் பக்கம் பேசினார்.

“அவுரு மேல இன்னாங்கண்ணா தப்பு? கொவளயப் பாத்தா டீ குடுன்னு நாமதான சொன்னோம். ஆள எண்ணுன்னு சொன்னோமா? மாட்னது யாரு?”

“நான்தான்.”

“கம்ப்யூட்டரும் அதாங்கண்ணா. கொவளயப் பாக்கும், டீ குடுக்கும்.”

எனக்கு டீ விஷயம் புரிந்தது. கணினி விஷயம் புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

ஆனால் சோம்பேறி என்று எழுதிய தீர்ப்பை நான் கிழித்துப் போட்டது வேறொரு நாளில். எந்த விண்ணப்பத்துக்கும் ஒரு கடைசி நாள் உண்டு. அன்று மாலை நான்கு மணிக்குள் வந்த படம் ‘இன்று’ என்ற தட்டுக்குப் போகும். நான்கு தாண்டினால் ‘அடுத்த தவணை’. நாலரைக்கு ‘இன்று’ தட்டில் உள்ளதெல்லாம் ஒரே கட்டாக, யாரும் தொடாமல், கேட்ட இடத்துக்குத் தானே போய்விடும். இப்படித்தான் முதலில் வைத்திருந்தார். இரண்டு மாதம் பார்த்தார். மலைப் பிள்ளைகளின் படம் மட்டும் அடுத்த தவணையில் போய்ப் போய் விழுந்தது. காரணம், மேலே சிக்னல் இல்லை. காலையில் எடுத்த படம்கூட, பஸ் மலையிறங்கி ஆறாவது கொண்டை ஊசி வளைவுக்கு வந்தால்தான் போனை விட்டுக் கிளம்பும்.

“டவர் இல்லாதது புள்ளைங்க தப்பா?” என்றார். அன்று முழுக்க அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் மாற்றிவிட்டார். படம் எடுத்த நேரத்தைப் போன் அந்தப் படத்தின் பெயரிலேயே எழுதி வைக்கும். இனி அந்த நேரம்தான் செல்லும். எப்போது வந்து சேர்ந்தாலும் சரி.

இனி கபடிக்கு வருகிறேன்.

வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். ரேஷன் கடைக்குப் பின்னால் உள்ள மேட்டில் கல் பொறுக்கி எறிந்துவிட்டு ஏழு பெண்கள் கபடி ஆடினார்கள். ஏழே பேர். எட்டாவது ஆள் ஊரிலேயே இல்லை. மாவட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தோம். ஏழு பேருக்கும் வயதுச் சான்று வந்தால்தான் அணி, ஒன்று குறைந்தாலும் அத்தனை பேரும் வெளியே. கடைசி நாள் காலையில் ஆறு பேருடையதை எடுத்து முடித்தேன். ஏழாவது பவித்ரா. பாடிப் போனால் இரண்டு பேரைத் தொடாமல் திரும்பாத பெண்.

“சான்று எங்கப்பா கிட்ட கீது சார். கச்சிராயபாளையத்துல கரும்பு வெட்டறாரு.”

மலைக்காரர்கள் கரும்பு வெட்ட இறங்கினால் வீட்டுக் காகிதங்களையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கூடவே கொண்டுபோவார்கள். பூட்டிய வீட்டில் விட்டால் எலி படித்து முடித்துவிடும்.

“நான் போய் எடுத்துக்கிறேன்.”

“நாலு மணிக்குள்ள ஆயிடுமா சார்? என்னால இவளுங்களும் போவ முடியாதா?” மற்ற ஆறு பேரும் அவளுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “ஆயிடும்” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன்.

கச்சிராயபாளையத்தில் இறங்கி, கரும்பு வெட்டும் ஆள் ஒருவரைக் கேட்டு, இரண்டு தோட்டம் தப்பாக நுழைந்து, மூன்றாவதில் பவித்ராவின் அப்பாவைப் பிடித்தேன். அவர் கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் பையைப் பிரித்தார். கரும்புக் கட்டின் மேல் சான்றை விரித்துப் படமெடுத்தேன். போன் நாலு பத்து காட்டியது. நான் பதறவில்லை. மூன்று நாற்பதுதான் என்று எனக்குத் தெரியும். காலையில் மலை பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று என் போனில் அரை மணி நேரம் கூட்டி வைத்திருந்தேன். நேரத்தைத் தானாகச் சரிசெய்யும் வசதியை அதற்காகவே அணைத்து வைத்திருந்தேன். கழித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். இருபது நிமிடம் மிச்சம் வைத்து வேலையை முடித்த கர்வத்தோடு அனுப்பினேன்.

பதில் வந்தது. “பெற்றுக்கொண்டோம். கோப்பு: பிறப்புச் சான்று. வைத்த இடம்: அடுத்த தவணை. நன்றி.”

நன்றியாம்.

மறுபடி எடுத்து அனுப்பினேன். அடுத்த தவணை. நின்றுகொண்டு எடுத்தேன், அடுத்த தவணை. கரும்பை நகர்த்தி வெயிலில் வைத்து எடுத்தேன், அடுத்த தவணை. ஐயாவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று நினைத்தேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுத ஆரம்பித்தேன். ‘ஐயா, மணி இன்னும் நாலு ஆகவில்லை ஐயா.’ ‘ஏழாவது பெண் ஐயா, ஏழைப் பெண்.’ ‘பொங்கலுக்குப் பேசினோமே ஐயா, மறந்துவிட்டீர்களா?’ கடைசியில், ‘நீங்களும் பிள்ளை பெற்றவர்தானே!’ என்று கோபமாகவே ஒன்று போட்டேன். எதற்கும் பதில் இல்லை.

“இன்னா சார், சான்று செல்லாதா?” என்றார் பவித்ராவின் அப்பா.

“சான்று செல்லும்ணா. நான்தான் செல்ல மாட்டேன் போலருக்குது.”

“போனுக்குக் கும்புடு போடறாருடா சாரு,” என்று வெட்டு ஆள் ஒருவர் அரிவாளை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். உண்மையிலேயே போனைக் கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

கணினி மேடத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. அன்று அவர் அக்கா மகள் கல்யாணம், களமருதூர்ப் பக்கத்து மாதா கோவிலில் மூன்று மணிக்குப் பூசை. மறுபடி போட்டேன். ஐந்தாவது தடவை நான் போடுவதற்குள் அவரே கூப்பிட்டார். பின்னால் பாட்டுச் சத்தம்.

“பூசையில இருந்தேங்கண்ணா, போனத் தொடவே இல்ல. இன்னா இத்தினி மிஸ்டு கால்?”

நான் அழுதேனா இல்லையா என்பதை அவரிடம்தான் கேட்க வேண்டும். “ஐயா ஒத்துக்க மாட்டறாரு மேடம். மூணு நாப்பதுக்கே எடுத்துட்டேன். அடுத்த தவணைன்னே சொல்லிக்கினு இருக்காரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாரு.”

“யாருங்கண்ணா ஐயா?”

“பதிவறை ஐயா.”

அந்தப் பக்கம் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

“அண்ணா. அது ஆளு இல்லங்கண்ணா. கொவள.”

“பொங்கலுக்குப் பதில் போட்டாரே!”

“அது நான். ஒரு வாட்டிதான கையால போட்டேன். மொத வாட்டி, தப்பில்ல.” குரல் மாறியது. “அத வுடுங்க. உங்க போன்ல இப்ப மணி இன்னா காட்டுது? அப்பிடியே படிங்க.”

“நாலு இருவத்தாறு. ஆனா அது சும்மா மேடம்.”

“இன்னா சும்மா?”

பஸ் கதையைச் சொன்னேன். அரை மணி கூட்டி வைத்த சாமர்த்தியத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே குரல் கம்மியாகிக்கொண்டே வந்தது.

“அது சும்மான்னு உங்களுக்குத் தெரியும். படத்து மேல நேரம் எழுதற போனுக்குத் தெரியுமா? அத படிக்கிற பதிவறைக்குத் தெரியுமா? மாட்னது யாரு?”

“நான்தான்.”

“நேரத்த சரி பண்ணிட்டு ஒரே ஒரு வாட்டி எடுங்க. மூணு அம்பத்தாறுதான் ஆவுது.”

அவசரத்தில் முதலில் போனின் எழுத்தைப் பெரிதாக்கினேன். அடுத்து மொழியை மாற்றப் பார்த்தேன். ஒருவழியாக நேரம் தானாகச் சரியாகும் வசதியைத் தொட்டதும் மணி அரை மணி பின்னால் குதித்தது: 3.58. படமெடுத்தேன், அனுப்பினேன். பவித்ராவின் அப்பா, வெட்டு ஆட்கள், வண்டிக்காரர் எல்லோரும் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பெற்றுக்கொண்டோம். கோப்பு: பிறப்புச் சான்று. வைத்த இடம்: இன்று. நன்றி.”

நான் போட்ட கூச்சலில் மாடு மிரண்டு வண்டியை நாலடி இழுத்துவிட்டது. பவித்ராவின் அப்பா ஒரு முழுக் கரும்பை வெட்டி என் கையில் கொடுத்தார். கடித்துக்கொண்டே நாலரை வரைக்கும் அங்கேயே நின்றேன். நாலரைக்கு யாரும் தொடாமல் கட்டு கிளம்பிப் போனது.

மறுநாள் போட்டி நடத்துபவர்களிடமிருந்து போன் வந்தது. “ஏழு பேருக்கு எட்டு சான்று வந்துகீது. பவித்ரான்னு ஒரே பொண்ணுக்கு ரெண்டு. ரெண்டு வாட்டி பொறந்துச்சா அது?” நான் பதற்றத்தில் பத்துப் படம் அனுப்பினேன், அதில் ஒன்று தப்பிப் போயிருக்கும் என்று அசடு வழிந்தேன். பெயரை ஏற்றுக்கொண்டார்கள். பெண்கள் இறங்கினார்கள். முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவதில் மூன்று புள்ளியில் தோற்றார்கள். அந்த ஆட்டத்தில் பவித்ரா ஒரே பாட்டில் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்தபோது நான் கத்தியதில் எனக்கு இரண்டு நாள் குரல் இல்லை. அலுவலகத்தில் அவர் சிவப்புக் குவளையைக் காட்டி, “வாயத் தொறக்காதீங்க, இத மாட்டுங்க” என்றார்.

அடுத்த வருடம் அவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது அலமாரியின் கடவுச்சொல்லையும், அரைப் பக்கக் குறிப்பையும் என்னிடம் கொடுத்தார். குறிப்பின் கடைசி வரி: ‘கடிகாரத்தைத் தொடாதீர்கள்.’

போன மாதம் பழைய தட்டுகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில், அதற்கு என்னென்ன நடந்தது என்று ஒரு பட்டியல் இருக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். யார் வைத்தது, யார் நகர்த்தியது, எத்தனை மணிக்கு. அதை எழுதுவது என் போன் இல்லை, அந்த அலமாரியே எழுதுகிறது. அதனால் நேரம் தப்பாது. கபடித் தட்டைத் திறந்து பார்த்தேன். பவித்ராவின் சான்று இரண்டு இருந்தது. இரண்டாவது, 3.58க்கு நான் எடுத்தது. முதலாவதைத் தொட்டேன்.

வந்தது 3.41. பதிவறை அதை ‘அடுத்த தவணை’யில் வைத்ததும் 3.41.

3.43க்கு, நான் அவருக்கு முதல் போன் போடுவதற்கு முன்பே, போனைத் தொடவே இல்லை என்று அவர் சொன்ன அந்தப் பூசை நேரத்தில், அந்தக் கோப்பு ‘இன்று’ தட்டுக்கு நகர்த்தப்பட்டிருந்தது. நகர்த்தியவர் என்ற இடத்தில் பதிவறை என்று இல்லை. அவர் பெயர் இருந்தது.